டிரிப் போட்ட கை வீங்கிவிட்டது, மறுபடியும் மறுபடியும் குத்துகிறார்கள் – சின்னக் குழந்தைக்கு இது வழக்கம்தானா?

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் தூங்கும் நேரத்தில் வார்டில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஏழு மாதம். காய்ச்சல் இறங்கவே இல்லை என்று தூக்கிக்கொண்டு வந்தோம், சிறுநீரில் கிருமி என்று அட்மிட் செய்துவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாகத்தான் போகிறது. முதலில் இடது புறங்கையில் பிளக் (மருந்து ஏற்ற நரம்பில் வைக்கும் குழாய்) போட்டார்கள், அதற்கே ஒரு டாக்டர் வந்து முடியாமல் இன்னொருவர் வந்துதான் போட்டார். போட்டபின் விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி கட்டு, அட்டை, அதற்கு மேல் ஒரு துணிக்கட்டு. ராத்திரி முழுக்கச் சிணுங்கினாள். பல் முளைக்கிறது போல என்றார் மாமியார். விடிகாலையில் மிஸ்ஸி (நர்ஸ்) அடுத்த மருந்து போட வந்து கட்டைப் பிரித்தால் கை பூரி மாதிரி உப்பியிருக்கிறது! உடனே எடுத்துவிட்டார்கள், கையைத் தலையணையில் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். இப்போது வலது காலில் போட்டிருக்கிறது, அதற்கும் ஏகப்பட்ட குத்து. மருந்தைத் தள்ளும் பம்ப் வேறு அடிக்கடி கத்துகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வீக்கம் வற்றினாலும் உள்ளே ஏதாவது கெட்டிருக்குமா? பம்ப் அப்போது ஏன் கத்தவில்லை? ஊசி உள்ளேயே இருக்கும்போது அவள் காலை உதைத்தால் குத்திக் கிழிக்காதா? இத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கணக்கு எதுவும் உண்டா, நாமே கேட்டு மாற்றச் சொல்லலாமா? மாமியார் நர்ஸ்களின் கவனக்குறைவு என்கிறார், கணவர் புகார் எழுதலாம் என்கிறார், எனக்கு எழுதவும் மனமில்லை, சும்மா இருக்கவும் மனமில்லை.

யீஷூன்வாசி:

புகார் எழுதுங்கள் சகோதரி. பிள்ளை அழுவதை ராத்திரி முழுக்க யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் அது என்ன கவனிப்பு? நாம் காசு கொடுக்கிறோம், கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வார்டு மிஸ்ஸி:

நான் குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள், இப்போது வேறு பிரிவு. யீஷூன்வாசி அண்ணனுக்குப் பதில் கடைசியில், முதலில் அம்மாவின் கேள்விகள்.

உள்ளே ஊசி இல்லை. குத்தும்போதுதான் ஊசி இருக்கும், ரத்தம் வந்ததும் அதை உருவி எடுத்துவிடுவோம். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய், வளையக்கூடியது. ஏழு மாதப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தது, அதாவது 24 கேஜ் (இந்த எண் கூடக்கூடக் குழாய் மெலிது), சில சமயம் அதைவிடச் சின்னதாக ஊதா நிறத்து 26. அவள் உதைத்தால் குத்திக் கிழிக்காது. ஆனால் குழாய் அசையும், அதன் நுனி ரத்தக்குழாயின் உள்சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். பிரச்சினை தொடங்குவது அங்கேதான். சுவர் புண்ணாகும் அல்லது குழாய் கொஞ்சம் வெளியே நழுவும், அப்புறம் மருந்து ரத்தத்தில் போகாமல் பக்கத்துச் சதைக்குள் கசியும். உங்கள் மகளுக்கு நடந்தது இது. பிள்ளைகளுக்குப் போடும் பிளக்குகளில் மூன்றில் ஒன்றாவது சிகிச்சை முடிவதற்குள் கெட்டுப்போகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, அதிலும் இந்தக் கசிவுதான் முதலிடம். எங்கள் வார்டு அனுபவமும் அதுதான். புசுபுசுவென்று கொழுப்பு இருக்கும் ஆறேழு மாதப் பிள்ளைகள்தான் எங்களுக்குப் பெரிய சோதனை, பிறந்த குழந்தைக்குக்கூட நீல நிறமாக ஒரு கோடு தெரியும், இவர்களுக்குத் தெரியாது.

இனி பம்ப். எல்லாப் பெற்றோரும் அதை நம்புகிறார்கள், சில புது நர்ஸ்களும் நம்புகிறார்கள். பம்ப் பார்ப்பது எதிரழுத்தத்தை மட்டும். குழாய் மடங்கினால், முட்டி வளைந்தால், நுனி அடைத்தால் அழுத்தம் ஏறும், கத்தும். சதைக்குள் கசியும்போது அழுத்தம் பெரிதாக ஏறாது. பிள்ளையின் தோலடிச் சதை அவ்வளவு மென்மை, தண்ணீர் போகப் போக விரிந்துகொண்டே போகும், பம்பும் சமர்த்தாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இப்போது காலில் போட்டது அடிக்கடி கத்துகிறது (கணுக்காலை மடக்குகிறாள்), கை வீங்கியபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. பம்ப் அமைதியாக இருக்கிறது, எனவே எல்லாம் சரி என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சிரிஞ்சால் இழுத்தால் ரத்தம் வருகிறதே என்று சொல்வதும் முழு ஆதாரம் இல்லை. நுனி பாதி உள்ளே பாதி வெளியே இருந்தாலும் ரத்தம் வரும்.

வேண்டியது கண்ணும் கையும்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை இதை எளிதாக மூன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது: தொடு, பார், மற்றப் பக்கத்தோடு ஒப்பிடு. டிரிப் ஓடும்போது மணிக்கு ஒரு தடவை நர்ஸ் இதைச் செய்ய வேண்டும். நீங்களும் செய்யலாம். குழாய் நுனி இருக்கும் இடத்தையும் அதற்கு மேல் உள்ள பகுதியையும் மெதுவாகத் தொடுங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். இறுகிக் குளிர்ந்திருந்தால் கசிவு. சூடாக இருந்து, தொட்டதும் வீறிட்டு, கோடு போல் தடித்திருந்தால் ரத்தக்குழாயில் அழற்சி. அப்புறம் மற்றக் காலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதத்தின் அளவும் விரல்களின் தடிமனும் ஒன்றா என்று. கட்டு போட்ட காலின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தண்ணீர் கீழே இறங்கித் தேங்கும், மேலே ஒன்றும் தெரியாது, குதிகால் பக்கம் உப்பியிருக்கும்.

இன்னொன்று, இதை நம்மவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வார்டில் ஒட்டியிருக்கும் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் மாநிறம், சிலர் நல்ல கறுப்பு, அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. ஊதா சாயலாகவோ பக்கத்துத் தோலைவிடக் கருமையாகவோ தெரியும், சில சமயம் நிறத்தில் ஒன்றுமே தெரியாது. நிறத்தை நம்பாமல் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான். 'சிவக்கவில்லையே' என்று யாராவது சொன்னால், 'சூடாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, மற்றக் கையைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள்.

குழாய் தோலுக்குள் நுழையும் இடம் கண்ணுக்குத் தெரியும்படிதான் ஒட்ட வேண்டும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டர் போடுவதே அதற்காக. பிள்ளை பிடுங்கிவிடுவாள் என்று மேலே துணி சுற்றுவது நியாயம், ஆனால் அதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து ஏற்றுவது நியாயமே இல்லை. மருந்து போடும் முன் 'கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் சிஸ்டர்' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

யீஷூன்வாசி அண்ணா, கசிந்ததற்குப் புகார் எழுதினால் ஒன்றும் நடக்காது, கசிவு எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் வரும். கட்டைப் பிரிக்காமல் மணிக்கணக்காக விட்டார்கள் என்றால் அது வேறு விஷயம், அதைக் கேட்கலாம், வார்டு சிஸ்டரிடம் நேரில் கேட்பதே சீக்கிரம் வேலையாகும்.

ஜூரோங் அப்பா:

மிஸ்ஸி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கசிந்தது என்ன மருந்து என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கதை என்பதை நான் இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மகனின் புறங்கையில் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பளபளவென்று.

அவன் குறைமாதத்தில் பிறந்தவன். கால்சியம் கலந்த டிரிப் கையில் ஓடியது, கசிந்தது. முதலில் வெளுப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் கறுத்துக் காய்ந்த தோல், அது விழுந்து புண். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை, கேட்காதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்தார், ஒட்டுத்தோல் வேண்டியிருக்கவில்லை, மூட்டில் இல்லாததால் விரல் நன்றாக மடங்குகிறது. மூட்டு மேல் வந்திருந்தால் தழும்பு இறுகி விரலை இழுத்திருக்கும் என்றார்.

அதன்பிறகு நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், மனைவி போனைப் பிடுங்கி வைக்கும் அளவுக்கு. வெறும் உப்புநீர், குளுக்கோஸ் குறைவாகக் கலந்த சாதாரண டிரிப் என்றால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், ஓரிரு நாளில் வற்றிவிடும். கால்சியம், பொட்டாசியம், சோடியம் பைகார்பனேட், அடர்த்தியான டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்), நரம்பு வழி ஏற்றும் சத்துநீர், ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்துகள், அசைக்ளோவிர், சில கீமோ மருந்துகள், இவை சதையையே கொல்லக்கூடியவை. அவை கசிந்தால் வீக்கம் சிறியதாக இருந்தாலும் அவசரம்தான். குழாயைச் சட்டென்று பிடுங்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதலில் டிரிப்பை நிறுத்தி, அதே குழாய் வழியாக உள்ளே நிற்கும் மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் குழாயை எடுக்க வேண்டும். சில மருந்துகளுக்குக் கசிவின் கெடுதலைக் குறைக்கும் ஊசி இருக்கிறது, கால்சியத்துக்கும் அடர்த்தியான குளுக்கோஸுக்கும் ஹயலூரோனிடேஸ் என்று ஒன்று, தேங்கியதைப் பரவச்செய்து உடம்பு உறிஞ்ச வழி செய்யும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு பலன். தோலில் சின்னச் சின்னத் துளை போட்டு உப்புநீரால் கழுவி வெளியேற்றும் முறையும் உண்டு, 1993-ல் கால்ட் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது, இன்றைக்கும் பல இடங்களில் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நேரம்தான் முக்கியம், ராத்திரி ஷிஃப்டில் கசிந்ததைக் காலை ரவுண்டில் பார்த்தால் இதில் எதுவும் பெரிதாக உதவாது.

எனவே சகோதரி, கசிந்தபோது ஓடியது என்ன மருந்து, எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். புகாருக்காக இல்லை, நாளைக்கு வேறு டாக்டர் வந்து பார்க்கும்போது நேற்று எப்படி இருந்தது என்று காட்ட. வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள், பெரிதாகிறதா வற்றுகிறதா என்று யார் பார்த்தாலும் தெரியும்.

பொங்கோல் அம்மா:

கேட்டுவிட்டேன். ஆன்டிபயாட்டிக்கும் அதோடு சாதாரண டிரிப்பும் மட்டும்தான் என்கிறார்கள், கால்சியம் பொட்டாசியம் எதுவும் இல்லையாம். தோலில் கொப்புளம் இல்லை, விரல் நகத்தை அழுத்திவிட்டால் உடனே நிறம் திரும்புகிறது, அதையும் டாக்டர் செய்து காட்டினார். கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் மாமியார் இப்போது வீங்கிய கையில் கோடாலித் தைலம் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார். என்ன சொல்லித் தடுப்பது?

மருந்துக்கடை:

ஃபார்மசிஸ்ட் பேசுகிறேன். தைலம் வேண்டவே வேண்டாம். அதில் கற்பூரமும் மெந்தாலும் இருக்கிறது, கைக்குழந்தைக்கு அது ஆகாது, அதுவும் குத்திய துளை உள்ள தோலில், விரல் சூப்பும் கையில். மாமியாரிடம் 'டாக்டர் சொன்னார்' என்று சொல்லிவிடுங்கள், என் அனுபவத்தில் வேறு எந்தக் காரணமும் மாமியாரிடம் எடுபடாது.

ஒத்தடமும் கேட்டுத்தான். சில மருந்துக் கசிவுக்குக் குளிர்ச்சி, சிலவற்றுக்கு மட்டும் சூடு, மாற்றிக் கொடுத்தால் கெடுதல். அடிபட்ட தோலுக்குச் சூடு சரியாக உறைக்காது, குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது, வெந்நீர்ப்பை வைத்துக் கொப்புளம் வந்து, கசிவால் வந்ததா சூட்டால் வந்ததா என்று தெரியாமல் டாக்டர்கள் குழம்பியதை நான் பார்த்திருக்கிறேன். கையை உயர்த்தி வைப்பதும் சும்மா விடுவதும் போதும். தேய்த்து விடுவதும் வேண்டாம், உருவி விடுவதும் வேண்டாம். ஹிருடாய்ட் கிரீமைப் பற்றி யாராவது சொல்வார்கள், பெரியவர்களுக்கு டிரிப் போட்ட இடம் கன்றிப்போனால் தருவோம், திறந்த புண்ணில் போடக் கூடாது, கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

அடுத்த தடவை குத்துவதாக இருந்தால் மரப்பு கிரீம் கேளுங்கள். எம்லா என்பார்கள், தடவி மேலே பிளாஸ்டர் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும், எனவே டாக்டர் வந்து நின்றபின் கேட்டால் பிரயோஜனமில்லை. ஒரு எச்சரிக்கை: அதில் பிரிலோகேய்ன் என்ற மரப்பு மருந்து இருக்கிறது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு) இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்போம். நம் சிங்கப்பூரில் 1965-லிருந்தே பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்கிறார்கள், உங்கள் மகளின் சுகாதாரப் புத்தகத்தில் முடிவு இருக்கும், ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் குத்தும்போது மடியில் வைத்துக் கொடுக்கக் கேளுங்கள், அதுவும் வலியைக் குறைக்கும், செலவும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது, பல இடங்களில் இப்போது அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டி, குழந்தைகளுக்குத் தேவை ஏற்பட்டால் மட்டும் மாற்று என்றுதான் சொல்கிறது. நன்றாக ஓடும் பிளக்கை நாள் கணக்குப் பார்த்துப் பிடுங்கிப் புதிதாகக் குத்துவது பிள்ளைக்குத் தண்டனை. எனவே 'மாற்றுங்கள்' என்று கேட்காதீர்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: தினமும் காலை ரவுண்டில் 'இந்தப் பிளக் இன்னும் வேண்டுமா, வாயால் குடிக்கும் மருந்துக்கு எப்போது மாறலாம்?' என்று கேளுங்கள். சிறுநீர்க் கிருமிக்கு, காய்ச்சல் இறங்கி, பால் நன்றாகக் குடித்து, வாந்தி இல்லாமல், கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற கல்ச்சர் முடிவும் வந்துவிட்டால் ஏழு மாதப் பிள்ளைக்குச் சிரப்புக்கு மாறுவது சாதாரணம். டிரிப் தண்ணீர் நின்றபின்னும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பிளக்கை விட்டுவைப்பதுதான் பல தொல்லைகளுக்குக் காரணம். எதற்கும் என்றால் எதற்கு என்று கேட்கலாம்.

புக்கிட் பாத்தோக்:

எங்கள் கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன், தேடி வரும் யாருக்காவது உதவும். என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை, நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்று மருந்து ஏற்றும் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். கையில் குத்தும் வேதனை அநேகமாகப் போய்விட்டது, கசிவுப் பயமும் ரொம்பக் குறைவு. ஆனால் பெரிய ரத்தக்குழாய்க்கு நேர் வழி அது, கிருமி ஏறினால் உடம்பு முழுக்கப் போகும். எனவே காய்ச்சல் 38-ஐத் தொட்டால் நாங்கள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், காலையில் போகலாம் என்றெல்லாம் யோசிப்பதில்லை, நேரே அவசரப் பிரிவு. போர்ட்டில் உப்புநீர் விட்டவுடன் பிள்ளை வெடவெடவென்று நடுங்கினால் அதுவும் குழாயில் கிருமி இருக்கலாம் என்பதற்கு அடையாளம். ஒவ்வொரு தடவையும் மூடியை ஆல்கஹாலால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் மாட்ட வேண்டும், ஊதிக் காயவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொலைவெறி வரும்.

கையில் போடும் சின்னப் பிளக்கில் இந்த அளவுக்குக் கிருமி ஏறுவது குறைவு. பொங்கோல் அம்மா இதைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

யீஷூன்வாசி:

சரி மிஸ்ஸி, நான் அவசரப்பட்டுச் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், இத்தனை குத்து குத்துவதற்கு ஒரு வரம்பு இல்லையா? என் தங்கை மகனுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் குத்தி, தங்கை மயங்கி விழாத குறை.

வார்டு மிஸ்ஸி:

நியாயமான கேள்வி அண்ணா. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் குத்தாமல் அனுபவம் கூடிய இன்னொருவரிடம் விட்டுவிடுவதுதான் நல்ல வழக்கம், அமெரிக்க இன்ஃப்யூஷன் நர்ஸ்கள் சங்கத்தின் வழிகாட்டியும் அதையே சொல்கிறது. பெற்றோர் தைரியமாகக் கேட்கலாம்: 'இவளுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், முதலிலேயே சீனியர் யாராவது போடலாமா?' கஷ்டமான பிள்ளை என்று முன்பே தெரிந்தால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துப் போடும் ஆட்களைக் கூப்பிடுவார்கள். தோலில் வெளிச்சம் அடித்து ரத்தக்குழாயைக் காட்டும் கருவியும் இருக்கிறது, பார்க்க ஜாலியாக இருக்கும், எல்லாப் பிள்ளைக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். அவசரமில்லாத மருந்து என்றால் பிள்ளையை அரை மணி நேரம் விட்டு, பால் கொடுத்து, கையைக் கதகதப்பாக்கிவிட்டுக் குத்தினால் கிடைத்துவிடும். அழுது அழுது வியர்த்து விறைத்த பிள்ளையிடம் யாருக்கும் கிடைக்காது.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். எந்தக் கை விரலைச் சூப்புவாள் என்று நர்ஸுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். நடக்கும் பிள்ளைக்குக் காலில் போடாமல் இருந்தால் நல்லது, உங்கள் மகள் இன்னும் நடக்கவில்லை என்பதால் கால் பரவாயில்லை. முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாய் இருக்கும், சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மடக்கி மடக்கி சீக்கிரம் கெட்டுப்போகும்.

சிணுங்கலைப் பற்றி ஒரு வார்த்தை அம்மா. பிள்ளை காரணமில்லாமல் அழுகிறாள், அதுவும் மருந்து ஓடும்போது கூடுதலாக அழுகிறாள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக்கைத்தான். மணியடியுங்கள். விரல் வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், குளிர்ந்திருந்தால், தொட்டாலே துடித்தால், விரலை அசைக்கவே இல்லை என்றால், மணியடித்துக் காத்திருக்காமல் எழுந்து போய் ஆளைக் கூட்டிவாருங்கள். வீக்கம் உள்ளே நெருக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது அபூர்வம், ஆனால் அது நடந்தால் நேரம் கிடையாது. பம்ப் கத்தினால் நீங்களே பொத்தானை அழுத்தி அமைதிப்படுத்தாதீர்கள், பல அப்பாக்கள் செய்யும் வேலை இது, சத்தம் நிற்கும், காரணம் நிற்காது.

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மத்தியான ஷிஃப்டில் வந்த பிலிப்பினோ மிஸ்ஸியிடம் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்கவே இல்லை, அவரே பாதம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். துணிக்கட்டைப் பாதிக்குக் குறைத்து, குழாய் நுழையும் இடம் தெரிகிற மாதிரி மறுபடி ஒட்டிக்கொடுத்தார். முட்டிக்குக் கீழே ஒரு அட்டையும் வைத்தார், பம்ப் கத்துவது குறைந்துவிட்டது. ரவுண்டில் டாக்டரிடமும் கேட்டேன், கல்ச்சர் முடிவு நாளைக்கு வந்துவிடுமாம், காய்ச்சல் இப்படியே இல்லாமல் இருந்தால் பிளக்கை எடுத்துவிட்டு சிரப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். கணவர் புகாரை மறந்துவிட்டு டிஸ்சார்ஜ் பில்லைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபின் அந்தக் கையில் எதைக் கவனிக்க வேண்டும்? வீக்கம் போய்விட்டது, ஆனால் மணிக்கட்டுக்கு மேல் பட்டாணி அளவு ஏதோ தட்டுப்படுகிறது.

வார்டு மிஸ்ஸி:

போகும் முன் அந்தப் பட்டாணியை டாக்டரிடம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ரத்தக்குழாய்க்குள் உறைந்த சின்னக் கட்டி, அல்லது தழும்பேறிய ரத்தக்குழாய், தானாகக் கரையும், சில வாரம் ஆகலாம். குழாயை எடுத்து ஓரிரு நாள் கழித்துக்கூட அழற்சி தொடங்கும், எனவே வீட்டில் துணி மாற்றும்போது இரண்டு கையையும் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி பெரிதானால், சூடாகிக் கோடு போல் கை மேலே ஏறினால், சீழ் வந்தால், தோல் கறுத்தால் திரும்பிப் போங்கள். குளிப்பாட்டலாம், துளை மூடியிருந்தால் ஒன்றும் ஆகாது.

காய்ச்சல் திரும்பினால் கையில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். கை காரணமாக இருக்கலாம், சிறுநீர்க் கிருமி மறுபடி கிளம்பியிருக்கலாம், இரண்டையும் வீட்டில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. சிரப்பை நாள் முடியும்வரை கொடுங்கள், சிறுநீரக ஸ்கேனுக்கு அப்பாயிண்ட்மெண்ட் போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தாளில் இடது கையில் கசிந்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.